மாய ஊழியரும் கணினிவழி ஊதியப் பட்டியலும்

அரசுப் பணியில் இல்லாத ஒருவரின் பெயரிலோ, பட்டியலில் இருந்தும் பணிக்கு வராத ஒருவரின் பெயரிலோ பொதுப்பணத்திலிருந்து மாதந்தோறும் சம்பளம் எடுக்கப்படுமாயின், அப்பெயருக்கு உரியவர் மாய ஊழியர் எனப்படுகிறார். போலி ஊழியர், பேய் ஊழியர் என்றும் இவரை அழைப்பதுண்டு. இத்தகைய பெயர்களைக் கண்டறிந்து நீக்குவதற்கும், மீண்டும் நுழையாமல் தடுப்பதற்கும் பல நாட்டு அரசுகள் கணினிவழி ஊதியப் பட்டியல் முறைமைகளை அமைத்துள்ளன. கைரேகை முதலிய உடற்கூற்று அடையாளங்களைப் பதிதல், பணியாளர் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் ஒரே தரவுத்தளத்தில் இணைத்தல், சம்பளத்தை இடையாளர் இன்றி வங்கிக் கணக்கில் செலுத்துதல் ஆகிய மூன்றும் இம்முறைமைகளின் பொதுவான கூறுகளாகும். நைஜீரியா 2007ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்திய முறைமை இவற்றுள் மிகவும் விரிவாகப் பேசப்பட்ட ஒன்றாகும்.

சொல் வழக்குகள்

இம்மோசடி பரவியுள்ள நாடுகள் ஒவ்வொன்றிலும் அதற்கென்று ஒரு கேலிப்பெயர் இருப்பதைக் காணலாம். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் இத்தகைய ஊழியரை 'ஞோக்கி' என்பர். ஞோக்கி என்பது உருளைக்கிழங்கு மாவில் செய்யப்படும் ஒரு பண்டம். அதை ஒவ்வொரு மாதமும் 29ஆம் நாள் உண்பது அங்குள்ள வழக்கம். மாதக் கடைசியில் சம்பளம் வாங்க மட்டும் தலைகாட்டும் ஊழியருக்கு அப்பெயர் பொருந்திவிட்டது. ஈராக்கில் இவர்களை 'விண்வெளியாளர்' என்று பொருள்படும் அரபுச் சொல்லால் குறிக்கின்றனர். ஆள் இந்தப் பூமியிலேயே இல்லை என்பது அதன் உட்பொருள்.

மோசடியின் வகைகள்

மாய ஊழியர் என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு தன்மையுடைய குற்றங்கள் அடங்குகின்றன. இவ்வேறுபாடு முக்கியமானது. ஒரு வகையைத் தடுக்கும் கருவி மற்றொரு வகைக்கு முன் பயனற்றுப் போவதுண்டு.

முதலாவது, முற்றிலும் கற்பனையான பெயர். சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் எழுத்தர் அதில் ஒரு பெயரைப் புகுத்திப் பணத்தைத் தாமே பெற்றுக்கொள்வார். இரண்டாவது, ஒரு காலத்தில் உண்மையாக இருந்த ஊழியரின் பெயர். அவர் இறந்திருப்பார், ஓய்வு பெற்றிருப்பார் அல்லது வேலையை விட்டுப் போயிருப்பார். ஆனால் பெயர் மட்டும் பட்டியலில் தொடரும். இதற்குச் சதிகாரர் எவரும் தேவையில்லை. முதல் சில மாதங்களில் இது வெறும் கவனக்குறைவாகவே இருக்கக்கூடும். நீக்கப்படாத பெயரை ஒருவர் கவனித்துப் பயன்படுத்தத் தொடங்கும்போதுதான் அது மோசடியாகிறது. மூன்றாவது, ஒரே ஆள் இரண்டு மூன்று அலுவலகங்களில் சம்பளம் பெறுவது. நான்காவது, ஆள் உண்மை, நியமனமும் உண்மை, ஆனால் அவர் பணிக்கு வருவதே இல்லை. ஐந்தாவது, வயது, கல்வித் தகுதி அல்லது பதவிநிலையைப் பொய்யாகக் காட்டிக் கூடுதல் சம்பளம் பெறுவது. இவை தவிர, உண்மையான ஊழியருக்குச் சேரவேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதியை மேலதிகாரி பிடித்துக்கொள்வதும் உண்டு. இங்கே மாயமாவது ஊழியர் அல்லர், பணம்.

வரலாறு

இம்மோசடி சம்பளப் பட்டியலைப் போலவே பழமையானது. படைகளில்தான் இது முதலில் பெருமளவில் தோன்றியது. தலைவன் ஒருவன் ஆயிரம் குதிரை வீரர்களுக்குரிய பணத்தை அரசனிடம் பெற்றுக்கொண்டு அறுநூறு பேரை மட்டும் வைத்திருப்பான். கணக்கெடுக்கும் நாளில் பக்கத்தில் இருப்பவனிடம் ஆளையும் குதிரையையும் இரவல் வாங்கி நிறுத்துவான். இதைத் தடுக்க டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி (ஆட்சிக்காலம் 1296–1316) குதிரைகளுக்குச் சூடு போட்டு முத்திரையிடும் முறையையும், வீரர்களின் அங்க அடையாளங்களை எழுதிவைக்கும் முறையையும் கொண்டுவந்தார். முகலாயப் பேரரசர் அக்பர் 1570களில் இவ்விரண்டையும் மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வீரனின் பெயர், தந்தை பெயர், நிறம், முகத்தோற்றம், மச்சம், தழும்பு ஆகியவை அப்பதிவேட்டில் குறிக்கப்பட்டன. இன்று உடற்கூற்று அடையாளப் பதிவு எனப்படுவதன் நேர் முன்னோடி இதுவே எனலாம்.

பிரித்தானியக் கடற்படையில் இதற்கு நேர்மாறான ஒரு விந்தை நிகழ்ந்தது. அங்குக் கற்பனை மாலுமிகளைக் கப்பலின் பட்டியலில் சேர்ப்பது 18ஆம் நூற்றாண்டில் சட்டப்படியே நடந்தது. 'விதவையின் ஆட்கள்' என்று அழைக்கப்பட்ட அவர்களின் சம்பளம், கடலில் இறந்த மாலுமிகளின் மனைவியருக்கான உதவித்தொகைக்குச் சென்றது. 1829ஆம் ஆண்டில் இம்முறை கைவிடப்பட்டது.

கணினி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அதற்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலைகளுள் ஒன்று சம்பளக் கணக்குதான். லண்டனில் தேநீர்க் கடைகளையும் வெதுப்பகங்களையும் நடத்திய லயன்ஸ் நிறுவனம் தானே உருவாக்கிய லியோ என்னும் கணினியைக் கொண்டு 1950களின் முற்பகுதியிலேயே தன் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட்டது. ஆனால் அக்காலக் கணினிகளின் நோக்கம் விரைவு மட்டுமே. பட்டியலில் உள்ள பெயர் உண்மையானதா என்று அவை கேட்கவில்லை. பொய்யான பெயருக்கும் பிழையில்லாமல் கணக்கிட்டுக் கொடுத்தன. பல நாடுகளின் அரசு அலுவலகங்களில் இந்நிலை 1990கள் வரையிலும், சிலவற்றில் அதன் பின்னரும் நீடித்தது.

செயற்படும் முறை

காகித முறையில் மூன்று ஆவணங்கள் மூன்று இடங்களில் இருந்தன. எத்தனை பணியிடங்களுக்கு ஒப்புதல் உண்டு என்பது நிதித்துறையின் கோப்பில் இருக்கும். யார் யார் நியமிக்கப்பட்டனர் என்பது பணியாளர் துறையின் பணிப்பதிவேட்டில் இருக்கும். யாருக்குச் சம்பளம் போகிறது என்பது அந்தந்த அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கும். இம்மூன்றையும் ஒருவரும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. மாய ஊழியர் வாழும் இடம் இந்த இடைவெளியே ஆகும்.

ஒருங்கிணைந்த கணினி முறைமை இம்மூன்றையும் ஒன்றோடொன்று பிணைக்கிறது. ஒப்புதல் பெற்ற பணியிடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்படுகிறது. அந்த எண்ணில் ஒருவரை அமர்த்தினால்தான் அவருக்குப் பணியாளர் பதிவு உருவாகும். பணியாளர் பதிவு இருந்தால்தான் சம்பளம் உருவாகும். ஆகவே சம்பளப் பட்டியலில் நேரடியாக ஒரு பெயரைச் சேர்க்க வழியில்லை. ஓய்வு பெறும் நாள் பிறந்த தேதியிலிருந்து தானாகக் கணக்கிடப்படுகிறது. அந்நாள் வந்ததும் சம்பளம் நின்றுவிடுகிறது. யாரும் மறந்துபோக முடியாது.

அடுத்த படி, ஒரு பெயருக்குப் பின்னால் ஓர் உடல் இருப்பதை உறுதிசெய்வது. இதற்காகப் பத்து விரல்களின் ரேகையும் ஒளிப்படமும் எடுக்கப்படுகின்றன. ஒருவரின் ரேகை அவருடையதுதானா என்று பார்ப்பது எளிய வேலை. அதே ரேகை வேறு பெயரில் ஏற்கெனவே உள்ளதா என்று எல்லாப் பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதே கடினமானதும் பயன் மிக்கதுமான வேலையாகும். இரண்டு அலுவலகங்களில் சம்பளம் வாங்குபவர் இந்த இரண்டாவது வேலையில்தான் பிடிபடுவார். முதலாவதை மட்டும் செய்துவிட்டு முறைமை முழுமையடைந்ததாக அறிவித்த அரசுகளும் உண்டு.

மூன்றாவது, பணம் போகும் வழி. அலுவலகத்துக்கு மொத்தத் தொகையாகப் பணத்தை அனுப்பி, அங்கே ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்வரை எந்தப் பதிவேடும் முழுப் பாதுகாப்புத் தராது. கருவூலத்திலிருந்து ஊழியரின் கணக்குக்கு நேராகச் செல்லும்போது, பிரித்துக் கொடுப்பவர் என்ற ஒருவரே இல்லாமல் போகிறார்.

இவற்றோடு சில அமைதியான பாதுகாப்புகளும் உள்ளன. பதிவை உள்ளிடுபவர் ஒருவராகவும் அதற்கு ஒப்புதல் தருபவர் மற்றொருவராகவும் இருக்கவேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார் என்பது அழிக்கமுடியாத குறிப்பாகப் பதிவாகவேண்டும். ஒரே வங்கிக் கணக்குக்கு இரண்டு சம்பளம் போவது, ஓய்வு வயதைக் கடந்தவருக்குச் சம்பளம் போவது போன்ற முரண்களை மாதந்தோறும் கணினி தானே பட்டியலிட வேண்டும். செய்திகளில் கைரேகைக் கருவியே பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால் நீண்ட காலத்துக்கு மோசடியைத் தடுப்பவை பெரும்பாலும் இந்தச் சாதாரண விதிகளே.

நைஜீரியா

நைஜீரியக் கூட்டாட்சி அரசின் முறைமைக்கு 'ஒருங்கிணைந்த ஊதியப்பட்டியல் மற்றும் பணியாளர் தகவல் முறைமை' என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளால் ஐ.பி.பி.ஐ.எஸ். என்று சுருக்கமாக வழங்கப்படுகிறது. உலக வங்கியின் உதவியுடன் நடந்த நிர்வாகச் சீர்திருத்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக 2006இல் ஒப்புதல் பெற்று, 2007 ஏப்ரலில் சில அமைச்சகங்களில் சோதனை முறையில் தொடங்கியது. பின்னர் இது கூட்டாட்சித் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தின் பொறுப்பில் வந்தது.

அதற்கு முன்பு ஒவ்வோர் அமைச்சகமும் தன்னிடம் உள்ள ஊழியர் எண்ணிக்கையைத் தானே எழுதி அனுப்பும். அந்த எண்ணிக்கைக்கு ஏற்ற சம்பளத் தொகை மொத்தமாக விடுவிக்கப்படும். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதால் அமைச்சகத்துக்கு இலாபமே தவிர இழப்பு ஒன்றும் இல்லை. புதிய முறையில் ஊழியர் நேரில் வந்து ரேகை பதிந்து சான்றுகளைக் காட்டவேண்டியிருந்தது. சம்பளமும் மையத்திலிருந்து அவருடைய கணக்குக்குச் சென்றது. 2013ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 215 துறைகளும் முகமைகளும், சுமார் 1,53,000 ஊழியரும் இதனுள் வந்திருந்தனர். ஏறத்தாழ 46,000 மாயப் பெயர்கள் கண்டறியப்பட்டன என்றும், 11,800 கோடி நைராவுக்கு மேல் மிச்சமாயிற்று என்றும் அரசு அப்போது அறிவித்தது. உள்ளே வந்த ஊழியரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், மூன்று உண்மையான ஊழியருக்கு ஏறக்குறைய ஒரு மாயப் பெயர் என்ற விகிதம் இது.

இரண்டாவது அலை வங்கிகளின் பக்கத்திலிருந்து வந்தது. நைஜீரிய மத்திய வங்கி 2014 பெப்ரவரியில் 'வங்கிச் சரிபார்ப்பு எண்' என்ற 11 இலக்க எண்ணை அறிமுகப்படுத்தியது. ஒருவர் எத்தனை வங்கிகளில் எத்தனை கணக்குகள் வைத்திருந்தாலும் ரேகையின் அடிப்படையில் அவருக்கு ஒரே எண்தான். இது சம்பள மோசடிக்காக உருவானதன்று. ஆயினும் சம்பளப் பட்டியலை இந்த எண்களோடு ஒப்பிட்டபோது, வேறுவேறு பெயர்களில் இருந்த பல சம்பளங்கள் ஒரே ஆளிடம் போய்ச் சேர்வது வெளிப்பட்டது. பட்டியலில் ஒரு பெயரும் கணக்கில் வேறு பெயருமாக இருந்தவையும் சிக்கின. 2016 பெப்ரவரியில் நிதியமைச்சகம் 23,846 பெயர்களை நீக்கியது. அம்மாதச் சம்பளச் செலவு, ஒப்பீடு தொடங்கிய 2015 டிசம்பரைவிட சுமார் 229 கோடி நைரா குறைந்தது. நிதியமைச்சர் கெமி அடியோசுன் தொடர் தணிக்கைக்கென ஒரு தனிப் பிரிவையும் அமைத்தார். 2016ஆம் ஆண்டு முடிவில், நீக்கப்பட்ட பெயர்கள் 50,000ஐ எட்டியதாகக் குடியரசுத் தலைவர் மாளிகை கூறியது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும். ரேகை பதிய வராத ஒவ்வொருவரும் மாய ஊழியர் அல்லர். நீண்ட விடுப்பில் இருப்பவர், வெளிநாட்டில் படிப்பவர், நோயில் கிடப்பவர், பதிவு முகாமுக்கு வெகு தொலைவில் பணிபுரிபவர் ஆகியோரும் அக்கணக்கில் விழுந்துவிடுவர். அரசு அறிவிப்புகள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. நீக்கப்பட்டவருள் எத்தனைபேர் பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டனர் என்பதைவிட, எத்தனைபேர் நீக்கப்பட்டனர் என்பதே தலைப்புச் செய்தியாகிறது. பட்டியலில் பெயரை நுழைத்தவர் யார் என்ற கேள்வி அதைவிடவும் அரிதாகவே கேட்கப்படுகிறது. பல்லாயிரம் மாயப் பெயர்கள் தாமாக எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிட முடியாது.

பல்கலைக்கழகங்களின் எதிர்ப்பு

மிக நீண்ட எதிர்ப்பு பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்திடமிருந்து வந்தது. அக்டோபர் முடிவுக்குள் முறைமையில் சேராத கூட்டாட்சி ஊழியருக்குச் சம்பளம் இல்லை என்று குடியரசுத் தலைவர் முகமது புகாரி 2019ஆம் ஆண்டில் அறிவித்தார். சங்கம் மறுத்தது. பல்கலைக்கழகங்களின் தன்னாட்சி சட்டத்தால் உறுதிசெய்யப்பட்டது, எனவே சம்பளப் பொறுப்பைத் தலைமைக் கணக்காயரிடம் கொடுப்பது சட்டத்துக்கு முரண் என்பது அதன் முதல் வாதம்.

இரண்டாவது வாதம் நடைமுறை சார்ந்தது. இக்கட்டுரைக்கு அதுவே அதிகப் பொருத்தமுடையது. ஒரு பேராசிரியர் தம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு விடுப்பில் இருந்துகொண்டே மற்றொரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு கற்பிப்பது அங்குள்ள முறையான வழக்கம். வருகைதரு ஆசிரியராக வேறொரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேரம் கற்பிப்பதும் முறையானதே. அமைச்சக எழுத்தரை மனத்தில் கொண்டு கட்டப்பட்ட முறைமையின் பார்வையில் இவை இரண்டும் 'ஒரே ஆள், இரண்டு சம்பளம்' என்ற குற்றமாகவே தோன்றின. கணினிக்கு விதிவிலக்கு தெரியாது. விதிவிலக்கை யாராவது முன்கூட்டியே அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைக்கப்படாததால் பலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்கு வராமலே போனது, பதவி உயர்வின் நிலுவைகள் தேங்கின என்று சங்கத்தினர் முறையிட்டனர்.

2020 மார்ச் முதல் டிசம்பர் வரையிலும், 2022 பெப்ரவரி முதல் அக்டோபர் வரையிலும் நடந்த நீண்ட வேலைநிறுத்தங்களுக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. இவ்விரு காலங்களிலும் மாணவர்கள் மாதக்கணக்கில் வகுப்பின்றி இருந்தனர். முதல் வேலைநிறுத்தம் பெருந்தொற்றின் காலத்தோடும் சேர்ந்துகொண்டது. சங்கம் மறுப்பதோடு நிற்காமல், பல்கலைக்கழகங்களுக்கு ஏற்றதென்று தானே ஒரு மாற்று மென்பொருளை உருவாக்கி முன்வைத்தது. தேசியத் தகவல் தொழில்நுட்ப மேம்பாட்டு முகமையின் சோதனையில் அது தேறவில்லை என்று அரசுத் தரப்பு கூறியது. சங்கம் அதை ஏற்கவில்லை. இறுதியில் 2023 டிசம்பரில், குடியரசுத் தலைவர் போலா தினுபுவின் அமைச்சரவை பல்கலைக்கழகங்களையும் பிற உயர்கல்வி நிறுவனங்களையும் இம்முறைமையிலிருந்து விடுவிக்க முடிவுசெய்தது. அம்முடிவு செயலுக்கு வர மேலும் பல மாதங்கள் பிடித்தன.

உள்ளிருந்து வரும் மோசடி

முறைமையின் திறவுகோலை வைத்திருப்பவரே மோசடி செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் நைஜீரியாவில் எடுத்துக்காட்டு உண்டு. ஓய்வூதியப் பட்டியலைச் சீர்படுத்த 2010இல் ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது. உடற்கூற்றுப் பதிவின் மூலம் போலி ஓய்வூதியரை நீக்குவதே அதன் வேலை. அக்குழுவின் தலைவர் அப்துல்ரஷீத் மைனா ஓய்வூதியப் பணம் சுமார் 200 கோடி நைராவை முறைகேடாக மாற்றிய குற்றத்துக்காக 2021 நவம்பரில் எட்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

மற்றொரு வகை நுட்பமானது. மாயப் பெயரைப் புகுத்துவது கடினமானபோது, உண்மையான ஆளைப் பொய்யான நியமனத்தோடு புகுத்தும் வழி தேடப்பட்டது. அரசு வேலைகள் பணத்துக்கு விற்கப்பட்டு, வாங்கியவர்கள் சம்பளப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர் என்று 2023இல் நாடாளுமன்றக் கீழவைக் குழு ஒன்றின் முன் சாட்சியம் அளிக்கப்பட்டது. இத்தகைய ஊழியருக்குக் கைரேகை உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, சரிபார்ப்பு எண்ணும் உண்டு. உடல் உண்மையா என்று மட்டும் பார்க்கும் கருவி இவர்களைக் கண்டுகொள்ளாது. நியமன ஆணையின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கும் பொறுப்பு காகிதத்தோடும் மனிதரோடும் தங்கிவிடுகிறது.

படைகளும் காவல்துறையும்

ஆயுதம் ஏந்திய துறைகளில் மாய ஊழியரால் ஏற்படும் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. 2014 சூனில் ஈராக்கின் மோசுல் நகரம் சில நாட்களுக்குள் இசுலாமிய அரசு அமைப்பிடம் வீழ்ந்தது. காகிதத்தில் அங்கே இருந்த படைக்கும் களத்தில் இருந்த படைக்கும் பெரும் வேறுபாடு இருந்தது. அவ்வாண்டு நவம்பரில், நான்கு படைப்பிரிவுகளில் மட்டும் 50,000 பெயர்கள் போலியானவை என்று தலைமை அமைச்சர் ஐதர் அல்-அபாதி நாடாளுமன்றத்தில் தெரிவித்தார்.

ஆப்கானித்தானில் நடந்த ஒரு சிறு சோதனை பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. 2009இல் வார்தக் மாகாணத்தில் சுமார் ஐம்பது காவலர்களுக்கு ரோசன் என்னும் தொலைபேசி நிறுவனத்தின் 'எம்-பைசா' சேவை வழியாகச் சம்பளம் அனுப்பப்பட்டது. அதுவரை மேலதிகாரிகளின் கை வழியாக ரொக்கமாக வந்துகொண்டிருந்தது. முதல் மாதம் பணத்தைப் பெற்ற காவலர்கள் தமக்குச் சம்பள உயர்வு கிடைத்துவிட்டதாக எண்ணினர். உண்மையில் தம் முழுச் சம்பளத்தை அவர்கள் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டனர். இடையில் காணாமல் போய்க்கொண்டிருந்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பட்டியலில் பத்தில் ஒரு பங்கு பெயர்களுக்கு ஆளே இல்லை என்பதும் தெரியவந்தது. வருமானம் நின்றுபோன அதிகாரி ஒருவர் காவலர்களின் தொலைபேசி அட்டைகளைத் தம்மிடம் ஒப்படைக்கச் செய்து பணத்தைத் தாமே எடுக்க முயன்றதாகவும் கூறப்படுகிறது.

இச்சோதனை நாடு முழுவதும் பரவவில்லை. பின்னாளில் அமெரிக்க நிதியில் உடற்கூற்று அடையாளத்துடன் கூடிய ஒரு பெரிய ஊதிய முறைமையும் அங்கே கட்டப்பட்டது. எனினும் 2021 ஆகத்தில் அரசு வீழ்ந்த பின்னர், பட்டியலில் இருந்த 3,00,000 படையினர், காவலர்களுள் பெரும்பாலோர் உண்மையில் இருந்ததே இல்லை என்று முன்னாள் நிதியமைச்சர் காலித் பயேந்தா பிபிசிக்கு அளித்த பேட்டியில் கூறினார். இறந்தவர்களையும் ஓடிப்போனவர்களையும் படைத்தலைவர்கள் பட்டியலில் வைத்துக்கொண்டு அவர்களது வங்கி அட்டைகளைத் தாம் பயன்படுத்தினர் என்பது அவர் தந்த விளக்கம். போர்க்களத்துக்குக் கைரேகைக் கருவியை எடுத்துச்சென்று மாதந்தோறும் ஆள் எண்ணுவது நடைமுறையில் இயலாததாகவே இருந்தது.

பிற நாடுகள்

தான்சானியாவில் குடியரசுத் தலைவர் சான் மகுபுலி 2016இல் 10,000க்கும் மேற்பட்ட மாயப் பெயர்களை நீக்கச் செய்தார். அடுத்த ஆண்டு சான்றிதழ்களைச் சரிபார்த்தபோது 9,932 ஊழியர் போலிக் கல்விச் சான்று கொடுத்தவர்கள் எனக் கண்டறியப்பட்டுப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். உடல் சரிபார்ப்புக்குப் பின் காகிதச் சரிபார்ப்பு என்ற இந்த வரிசை கவனிக்கத்தக்கது. கானா வேறொரு வழியைத் தேர்ந்தது. அங்கே அலுவலகத் தலைவர் ஒவ்வொரு மாதமும் தம்மிடம் பணிபுரிவோரின் பட்டியலை இணையவழியில் பார்த்து உறுதிசெய்தால்தான் சம்பளம் விடுவிக்கப்படும். பொய்யாக உறுதிசெய்தவர் யார் என்பது பெயரோடு பதிவாகிவிடுவதே இதன் வலிமை.

இந்தியா

டெல்லி மாநகராட்சி 2009இல் கைரேகை வருகைப் பதிவைக் கொண்டுவந்தபோது, பட்டியலில் இருந்த பெயர்களுள் 22,853 பேருக்கு ஆள் இல்லை என்று மாநகரத் தந்தை அறிவித்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி ரூபாய் இவ்வாறு சென்றதாகக் கணக்கிடப்பட்டது.

ஆந்திரப் பிரதேசத்தில் நடந்த ஆய்வு இதைவிடச் சிறிய செய்தியாயினும் உறுதியான சான்றைத் தருகிறது. ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியையும் முதியோர் ஓய்வூதியத்தையும் கைரேகை அட்டை வழியாகக் கொடுக்கும் திட்டத்தை, 157 மண்டலங்களில் குலுக்கல் முறையில் வரிசைப்படுத்தி மாநில அரசு செயற்படுத்தியது. கார்த்திக் முரளிதரன், பால் நீகௌசு, சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர் இதை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். கூலியில் நேரும் கசிவு சுமார் 41 விழுக்காடு குறைந்தது. பணமும் முன்னைவிட விரைவாகக் கைக்கு வந்தது. இங்கே ஒரு நுட்பம் உள்ளது. அரசின் மொத்தச் செலவு குறையவில்லை. மாறாக, தொழிலாளர் கையில் சேர்ந்த தொகை கூடியது. மோசடித் தடுப்பின் பயனை 'அரசுக்கு எவ்வளவு மிச்சம்' என்று மட்டும் அளப்பவர்கள் இத்தகைய பயனைக் காணத் தவறுவர்.

வருகைப் பதிவு மட்டும் போதாது என்பதற்கு இராசத்தானின் உதயப்பூர் மாவட்டச் சோதனை சான்றாகும். அங்கே அரசுச் செவிலியர் பணிக்கு வருவதை நேரமுத்திரைக் கருவிகள் கொண்டு கண்காணித்து, வராத நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அபிசித் பானர்சி, எசுத்தர் டுப்லோ, ரேச்சல் கிளென்னர்சிட்டர் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் ஆறு மாதங்கள் வருகை வெகுவாக உயர்ந்தது. அதன்பின் மாவட்டச் சுகாதார நிருவாகமே 'விலக்கு நாட்கள்' என்ற பெயரில் வராத நாட்களை வந்த நாட்களாகக் கருத இடமளித்தது. பதினாறு மாதங்களில் கண்காணிப்பு இருந்த நிலையங்களுக்கும் இல்லாதவற்றுக்கும் வேறுபாடே இல்லாமல் போயிற்று. 

ஓய்வூதியப் பட்டியலில் இறந்தவர் பெயர் தொடர்வதைத் தடுக்க, ஓய்வூதியர் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று அளிப்பது இந்தியாவில் நெடுங்கால வழக்கம். முதியவர்கள் வங்கிக்கோ கருவூலத்துக்கோ நேரில் சென்று, தாம் உயிரோடு இருப்பதைக் காட்டவேண்டும். நடுவண் அரசு 2014 நவம்பரில் தொடங்கிய 'சீவன் பிரமாண்' திட்டம், ஆதார் அடையாளத்தைக் கொண்டு இச்சான்றை இணையவழியில் அளிக்க வகைசெய்தது. தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் பணிப்பதிவேடு, சம்பளப் பட்டியல், கருவூலம் ஆகியவற்றை இணைக்கும் பணி ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தின் கீழ் மேற்கொள்ளப்பட்டது.

முதுமையாலும் கடும் உடலுழைப்பாலும் விரல் ரேகை தேய்ந்தவர்களைக் கருவி அடையாளம் காணாமல் போவது இத்தகைய திட்டங்கள் எல்லாவற்றிலும் காணப்படும் குறையாகும். அப்போது உயிருள்ளவர் பட்டியலில் இருந்து விழுந்துவிடுகிறார். கண்மணிப் படலம், முக அடையாளம் ஆகிய மாற்று வழிகள் இதற்காகவே பின்னர் சேர்க்கப்பட்டன. அவையும் தவறினால் கையெழுத்திட்டுச் சான்றளிக்க ஓர் அலுவலர் இருக்கவேண்டியுள்ளது.